இருபத்து மூன்று வயதில் கேட்டது

மாரத்தான் ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டர் தாண்டியதும் ஜெலகாட்டுக்கு இடது இடுப்பு சரியும். மூச்சு மிச்சமிருக்கும், இடுப்பு மட்டும் பாரம் தாங்காமல் மடங்கும். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவார்கள். எட்டு வருடமாக இதே பாடுதான்.

இருபத்து மூன்று வயதிலேயே அவள் கேட்டிருந்தாள். ஓட்டக்காரர்கள் நிறைந்த மலையூரான இட்டெனில், செம்மண் பாதையோரத் தகரக் கொட்டகையில், முன்னாள் சம்மட்டி எறி வீரர் மிசோய் எடை தூக்கப் பழக்கினார். டின்களில் சிமெண்ட் ஊற்றி இரும்புக் குழாயில் செருகிய எடைகள்.

"நானும் போகட்டுமா?"

கணவன் கிப்ருகுட்தான் அவளுக்குப் பயிற்சியாளரும். அவன் சிரித்தான். "எதுக்கு, மூட்டை தூக்கப் போறியா? உடம்பு கனத்தா கால் எழும்பாது. ஓடுறவ ஓடினாப் போதும்."

அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பிள்ளைகள், மூத்தவன் கிபெட்.

முப்பத்தொரு வயதில், நகுருவில் நடந்த மாரத்தானில் பாதி வழியிலேயே சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். கூட ஓடுகிற செசாங் அடுத்த வாரமே அவளைக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். மிசோய் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். பத்து நொடி நிற்க முடியவில்லை.

"கால்ல கோளாறு இல்லம்மா," என்றார் அவர். இடுப்பின் பின்பக்கத்தைக் காட்டி, "இங்கதான் சதையே இல்ல. இத்தன வருஷம் வெறும் எலும்பை வச்சு ஓடியிருக்க."

அன்று சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள்: "கிபெட் அப்பா, நான் கொட்டகைக்குப் போறேன். கேக்கல, சொல்றேன்."

அவன் உகாலிக் களியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

வாரம் இரண்டு நாள், ஐந்து மாதம். ஆரம்பத்தில் மாட்டிடம் பால் கறக்கக் குந்த முடியாமல் தொடை கடுத்தது. பயந்த மாதிரி உடம்பு கனக்கவில்லை. ஒரு கிலோகூட ஏறவில்லை.

ஏப்ரலில் எல்டொரெட் பந்தயம். முப்பது, முப்பத்து மூன்று, முப்பத்தாறு. இப்போது சரியும், இப்போது சரியும் என்று காத்துக்கொண்டே ஓடினாள். சரியவில்லை. இரண்டாவதாக வந்தாள். இதுவரை ஓடியதில் அதுதான் அவளுடைய சிறந்த நேரம். பழையதைவிட நான்கு நிமிடம் குறைவு.

ஓட்டக்காரர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜெண்ட் நேரத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "நல்ல ஓட்டம்மா. ஆனா இருபத்தாறுக்கு மேல நாங்க எடுக்கறதில்ல. முன்னாடியே வந்திருக்கலாமே?"

"முன்னாடி இந்த உடம்பு இல்ல சார்."

திரும்பும் வழியில் மட்டாட்டு வேனில் கிப்ருகுட் மெதுவாகச் சொன்னான்: "எனக்குத் தெரியாது, ஜெலகாட். நெஜமாவே தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அவன் பொய் சொல்லியிருந்தால் கத்தியாவது ஆத்திரத்தைத் தீர்த்திருக்கலாம்.

இன்னும் இரண்டு வருடம் உள்ளூர்ப் பந்தயங்களில் ஓடினாள். இளசுகள் முந்தினார்கள். நிறுத்திவிட்டாள்.

கிப்ருகுட்டிடம் இப்போது ஆறு பெண்கள் ஓட்டப் பயிற்சி எடுக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் அவனே அவர்களை மிசோயிடம் அனுப்புகிறான். வீட்டைக் கடந்து போகும்போது அவர்கள் கையசைப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஜெலகாட் மாட்டுக்குத் தீனி வெட்டப் பின்பக்கம் போய்விடுவாள்.