கேட்காத ககரம்

திஸ்னித் ஊரின் சின்ன வானொலியில் தஷில்ஹித் மொழியில் செய்தி வாசிப்பவள் இஜ்ஜா. அவள் உச்சரிப்பைக் குறை சொன்னவர் அதுவரை யாருமில்லை. அன்று காலையிலோ தொலைபேசி ஓயவேயில்லை.

வெட்டுக்கிளிக்கு மருந்தடித்த வயல்களிலிருந்து ஆடுகளை அப்புறப்படுத்தச் சொல்லி அவள் வாசித்த அறிவிப்புதான் காரணம். "க்க்ஸ் உல்லி" என்று தொடங்கினாள். ஆடுகளை அகற்று என்று பொருள். அந்த முதல் ககரத்தைக் குறுக்கி "க்ஸ் உல்லி" என்றுவிட்டால் ஆடுகளை மேய விடு என்றாகிவிடும்.

"நீ சொன்னேன்னுதான் தாயி பத்திக்கிட்டுப் போனேன்! இப்போ நுரை தள்ளிக் கிடக்குதுங்க!" மலையடிவாரத்திலிருந்து ஆடு மேய்க்கும் எம்பாரெக் தொலைபேசியில் கத்தினார்.

"மாமா, நான் க்க்ஸ்னுதான் சொன்னேன்!"

"எங்காது என்ன செவிடா? க்ஸ்னு சொன்னே!"

இஜ்ஜா ஒலிப்பதிவாளன் பிஹியிடம் பாய்ந்தாள். "ஆரம்பத்துல வெட்டிட்டியா?"

"அங்க சத்தமே இல்லியேக்கா, எதை வெட்டறது?" பதிவைப் போட்டுக் காட்டினான். கொஞ்சம் அமைதி, பிறகு ககரம். நீண்டதா, குறுகியதா? அவளுக்கே தெரியவில்லை.

"சரி, கண்ணை மூடு. நான் சொல்றது எதுன்னு சொல்லு."

பிஹி ஒன்றைச் சரியாகச் சொன்னான், அடுத்ததில் கோட்டை விட்டான். அவன் சொல்லிப் பார்த்தபோது அவளும் அதே லட்சணம்தான். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி! அடிநாக்கை அண்ணத்தில் அழுத்திப் பிடித்திருக்கும்வரை ககரத்துக்கு ஓசை ஏது? விடும்போதுதான் வெடிக்கிறது. பேச்சின் தொடக்கத்தில் எப்போது பிடித்தாள் என்பது அவள் வாய்க்கு மட்டுமே வெளிச்சம்.

"அடக் கடவுளே! வாய்க்குள்ள நான் படுற பாடு ஒருத்தருக்கும் கேக்காதா?"

"வீட்டுல பேசுறப்ப மட்டும் எப்படிக்கா புரியுது?"

"அங்க முன்னாடி ஏதாவது ஒரு பேச்சு இருக்கும்ல..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். ஒலிவாங்கியை இழுத்தாள். "கிலா க்க்ஸ் உல்லி."

'கிலா' என்றால் 'இப்போது': இப்போது ஆடுகளை அகற்று. முன்சொல்லின் ஆகாரம் முடிந்த இடத்துக்கும் ககரம் வெடித்த இடத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி தெளிவாகக் கேட்டது.

"கேக்குதுக்கா!" பிஹி கையைத் தூக்கினான். அவளுக்கு ஒலிவாங்கியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. ஒரு 'இப்போது' இல்லாமல்தானா இத்தனை வம்பும்?

பகல் முழுக்க அதையே வாசித்தாள். கால்நடை மருத்துவர் போய்ப் பார்த்ததில் எம்பாரெக்கின் ஆடுகள் பிழைத்தன, ஒன்றைத் தவிர. இஜ்ஜா நேரில் போனாள். நாக்கை எங்கே வைத்தேன், காதுக்கு ஏன் எட்டவில்லை என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். எம்பாரெக் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தாயி. 'ஆட்டை வயக்காட்டுக்குள்ள விடாதீங்க'ன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

இஜ்ஜாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு வெந்தது.