கனம் பார்த்து வாங்கியவர்கள்

என் தங்கையின் கல்யாணம் ஒரு ஆம்ப்ளிஃபயரின் எடையில் வந்து நின்றது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ராஜபாளையத்தில் அந்த வருஷங்களில் பழைய ஸ்டீரியோ செட் விற்ற யாரிடமாவது சொன்னால் உடனே நம்புவார்கள். நம்பிவிட்டு, "எத்தன கிலோ?" என்று கேட்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எண்பதுகளின் நடுவில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடை முதலாளி அதற்கு முன்னால் பழைய இரும்பு வியாபாரம் செய்தவர். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்து, சலித்துப்போய் விற்ற செட்டுகளையும், மில்காரர் வீடுகளில் புதுசு வந்ததும் கழித்துக்கட்டிய செட்டுகளையும் வாங்கித் துடைத்து விற்றார். ஓட்டை வாளிக்கும் கேசட் டெக்குக்கும் அவருக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டையும் காலால்தான் ஓரமாகத் தள்ளுவார்.

நான் ரிப்பேர் பார்ப்பவன். எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது. அதனால் கடையின் பின்பக்கத்தில் ஒரு திரையைத் தொங்கவிட்டு அதற்குள் உட்கார்ந்துகொண்டேன். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன், தளர்ந்த பெல்ட்டை மாற்றுவேன், கரகரக்கும் வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றிச் சுத்தம் செய்வேன். கை வேலையில் இருக்கும், காது திரைக்கு வெளியே இருக்கும். அப்படி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு மனிதர்கள் மேல் மரியாதை வளர வாய்ப்பில்லை.

வந்தவர்களில் ஒருவர்கூடப் பாட்டைக் கேட்டு வாங்கியதில்லை. மம்சாபுரத்திலிருந்து வந்த ஒரு கடைக்காரர், சத்தத்தை முழுதாக வைக்கச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்து போனார். அங்கிருந்து கையைக் காட்டினார். திரும்பி வந்து, "அங்கன வரைக்கும் கேக்குது, நல்ல செட்டுதான்" என்றார். உள்ளே பாடிக்கொண்டிருந்தவள் என்ன பாடினாள் என்று அவருக்குத் தெரியாது. ஒரு மில் சூப்பர்வைசர் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காய்ச்சல் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது.

ஆனால் கடைசியில் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். இரண்டு கைகளையும் ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்து, தூக்கிப் பார்த்தார்கள். எடை போட்டு வாங்கியே பழகிய ஊர். பஞ்சு எடை, புளி எடை, ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவாவும் எடை. பாட்டுக்கும் எடை உண்டு என்று நினைத்துவிட்டார்கள். கனமாக இருந்தால் சரக்கு நல்லது. லேசாக இருந்தால் ஏமாற்று.

முதலாளிக்கு இது புரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரும்பு வியாபாரி அல்லவா. கருகிப்போன பழைய டிரான்ஸ்பார்மர்களை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார்.

"ஏலே, ஒவ்வொரு செட்டுலயும் ஒன்ன உள்ள வச்சு முடுக்கு."

"கரண்டு குடுக்கணுமா அண்ணாச்சி?"

"எதுக்கு? அது பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கட்டும். ஒன்னைய மாதிரி."

நான்கு திருகு போட்டு மாட்டிவிடுவேன். அதற்கு ஒயர் எதுவும் போகாது. அதை நாங்கள் ஊமை என்று சொல்வோம். யாராவது மூடியைத் திறந்து பார்த்தாலும் அதுவும் ஒரு பாகம் என்றுதான் நினைப்பார்கள். அதற்குப் பிறகு திரைக்கு வெளியே நடக்கும் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இது நல்ல செட்டுதானா?"

"நான் என்னத்தச் சொல்ல? நீங்களே தூக்கிப் பாருங்க."

"ஆத்தாடி! அம்மிக்கல்லு மாதிரில்ல இருக்கு."

"ஃபாரின்காரன் சும்மாவா செய்யிறான்? இரும்பக் கொட்டிச் செஞ்சிருக்கான்."

அந்த இரும்பைக் கொட்டிய நான் திரைக்குப் பின்னால் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தேன். வாங்குகிறவர்களைக் கேவலமாக நினைப்பேன். நினைத்துக்கொண்டே அடுத்த ஊமைக்கு ஓட்டை போடுவேன். மேஜை, சம்பளம், திரை மூன்றும் அவர்களால்தான் எனக்குக் கிடைத்தன என்பதை அப்போது யோசித்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தங்கைக்குச் சம்பந்தம் வந்தது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. மருந்துக்கட்டுத் துணி மடிக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீடு என்று இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே பேச்சோடு போயிருந்தன. இது கூமாப்பட்டியிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தென்னை இருந்தது. அவருக்கும் அப்பா இல்லை. கூடவே இருந்த தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். மாமன் புளி மண்டி வைத்திருந்தவர்.

அந்த மாமன் வெற்றிலை போட்டுக்கொண்டே சீர்ச் சாமான்களைச் சொன்னார். கட்டில், பீரோ, கிரைண்டர். "பொறவு ஒரு ஸ்டீரியோ செட்டு. பொண்ணோட அண்ணன் செட்டுக் கடையிலதான இருக்காரு, அவியளுக்கு என்ன கஷ்டம்?" என்றார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்து சாமான்களைப் பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது ஒரு வீட்டுக்கு உண்மையான செட் ஒன்று போகட்டும் என்று நினைத்தேன்.

அப்படி ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைத்தது. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு இருக்க சென்னைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மொத்தமாக எடுக்க முதலாளியோடு நானும் போயிருந்தேன். சின்ன ஆம்ப்ளிஃபயர், அலுமினிய முகப்பு, ஒரு கேசட் டெக், அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டு ஸ்பீக்கர். அதிகாரி ஒரு வயலின் கேசட்டைப் போட்டுக் காட்டினார். வில் திரும்பும் இடத்தில், வாசிக்கிறவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

முதலாளி வழக்கம்போலத் தூக்கிப் பார்த்தார். "இதுல என்னலே இருக்கு? காத்துதான் இருக்கு. இது ஒருத்தன்ட்டயும் போகாது. ஒன் தங்கச்சி கல்யாணத்துக்கு என் மொய்யா வச்சுக்கோ" என்றார். அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல பொருளைக் குப்பை என்று எனக்குத் தள்ளிவிட்டார். அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது. செய்தது அவருக்கே தெரியாது.

மூன்று வாரம் அதோடு உட்கார்ந்தேன். உப்பிப்போன கண்டென்சர்களை மாற்றினேன். ஒவ்வொரு திருகையும் கழற்றித் துடைத்தேன். ஊமை வைக்கவில்லை. ஊரையெல்லாம் ஏமாற்றிய கையால் தங்கைக்குப் போகிற செட்டை ஏமாற்றுச் செட்டாக ஆக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடி மாமன் வந்தார், ஒரு காலை நேரத்தில், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. கட்டிலைத் தட்டினார். பீரோக் கதவை நாலு தடவை திறந்து மூடினார். கிரைண்டர் கல்லைச் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளை நிலைப்படி ஓரமாக ஒன்றும் பேசாமல் நின்றார். சரியான மண்ணு என்று அவரைப் பற்றி முடிவு கட்டினேன்.

செட்டின் முன்னால் வந்ததும் நான் கேசட்டைப் போட்டேன். ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரிதான் வந்தது.

"இதுல... மூச்சுகூடக் கேக்கும்."

"யாரு மூச்சு?" என்றார் மாமன்.

"வாசிக்கிறவரு மூச்சு."

"அவரு மூச்சு நமக்கு எதுக்கு தம்பி?"

சொல்லிக்கொண்டே ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினார். மூட்டையைத் தூக்குகிற வேகத்தில் தூக்கியதால் அது அவர் நெஞ்சுக்கு மேலே போய்விட்டது. அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள ஏதும் இருக்கா, இல்ல வெறும் டப்பாவா?"

"பாடுதே" என்றேன். பாடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பக்க ஒயர் பிடுங்கிக்கொண்டு ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடியது.

"பாடும் பாடும். ஆறு மாசம் பாடும். எங்கன இருந்து இதப் பெறக்கிட்டு வந்தீக? அப்பன் இல்லாத பயதானன்னு எங்க மருமகன் என்ன எளக்காரமா?" அம்மா காப்பித் தம்ளரோடு வந்தவள் கதவருகே நின்றுவிட்டாள். மாமன் நிறுத்தவில்லை. "இங்கன ஒரு சொந்தக்காரவுக வீட்ல சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வாரோம். ஒழுங்கான செட்டு இருந்தா கல்யாணம். இல்லைன்னா அம்புட்டுத்தான், தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்துருவோம்."

அவர் போன பிறகு அவரைப் பற்றி நினைக்க எனக்கு நிறைய இருந்தது. புளி மூட்டைக்கும் வயலினுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம் என்று தொடங்கி, மனதுக்குள் நல்ல நல்ல வாக்கியங்களாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அழுதாள். தங்கை அழவில்லை. செட்டின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்ணே, ஊருல உள்ளவனுக்கெல்லாம் இரும்பு வச்சியே, எனக்கு மட்டும் ஏன் வைக்கல?"

"ஏட்டி, இது நல்ல செட்டு. இதுல போயி..."

"நல்ல செட்டுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப நீயே கட்டிக்கோ." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "ஒன் காதுக்காகவா நான் கல்யாணம் பண்ணப் போறேன்? எனக்கு அவியளப் பிடிச்சிருக்கு. போயி இரும்ப எடுத்துட்டு வா."

அவளுக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறது என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் நின்ற மனிதரிடம் என்ன கண்டாள் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒன்னு பத்தாதுலே, ரெண்டாப் போடு. புளி மண்டிக்காரன் கை, லேசுல ஏமாறாது" என்றார்.

சின்னப் பெட்டியில் இரண்டுக்கு இடம் இல்லை; நெருக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. நான் மூன்று வாரம் துடைத்து வைத்த இடத்தில், அடித்தகட்டில் எட்டு ஓட்டை போட்டேன். இரும்புத் தூள் உள்ளே விழாமல் பழைய துணியை விரித்துக்கொண்டேன். தங்கை திருகுகளை முந்தானையில் வாங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மூடியதும் அவளே தூக்கிப் பார்த்தாள். "இப்ப சரி" என்றாள். அவள் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. எனக்கு அவள் மேல்கூடக் கொஞ்சம் இளக்காரம் வந்தது. சொல்லக் கூடாதுதான், ஆனால் வந்தது.

மூன்று மணிக்கு மாமன் வந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று தங்கை சொல்லிக் கொடுத்திருந்ததை ஒப்பித்தேன்.

"உள்சாமான் வைக்காம விட்டுப்போச்சுய்யா. இப்ப வச்சாச்சு."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உள்சாமான் இல்லாத செட் காலையில் எப்படிப் பாடியது என்று அந்தப் பெரிய மனிதர் கேட்கவில்லை. குனிந்தார், இரண்டு கையையும் கொடுத்தார், முக்கினார். பல் முழுக்க வெற்றிலைச் சிவப்பாகச் சிரித்தார்.

"இது செட்டு!"

"போட்டுக் காட்டவாய்யா?"

"எதுக்கு? அதான் பாத்தாச்சுல்ல."

கல்யாணம் நடந்தது. பந்தியில் மாமன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாயசம் போடச் சொல்லி இரண்டு தடவை அதட்டினார். அவர் கையை என் தோளில் வைத்திருந்தார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூமாப்பட்டிக்குப் போனேன். செட் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையில், பூப்போட்ட உறை மாட்டி, பத்திரமாக இருந்தது. மாமன் மண்டிக்குப் போயிருந்தார். தங்கை அடுப்படியில் இருந்தாள். மாப்பிள்ளையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேருமே பேசத் தெரியாதவர்கள் என்பதால், முற்றத்தில் உரித்துப் போட்டிருந்த தேங்காய் மட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்தான் ஆரம்பித்தார்.

"மச்சான், ஒன்னு கேக்கணும். செட்டுக்குள்ள ரெண்டு கட்டி ஒயரே இல்லாம கெடக்கே, அது எதுக்கு?"

"எப்பப் பாத்தீக மாப்ள?"

"கல்யாணம் முடிஞ்ச மறுவாரம். உள்ள பல்லி போயிருச்சு, தெறந்தேன்."

"மாமாட்டச் சொன்னீகளா?"

"சொல்லுவேனா? ஒங்க தங்கச்சியக் கொண்டுபோயி விட்டுட்டு வாம்பாரு." அடுப்படிப் பக்கம் பார்த்தார். "பல்லிய மட்டும் வெரட்டிட்டு மூடிட்டேன். நான் பாத்தது ஒங்க தங்கச்சிக்கும் தெரியும்."

அத்தனை வருஷம் திரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு மனிதனையும் எடை போட்டவன் நான். இந்த ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மண்ணு என்று எழுதி மூடியவனும் நான்தான். அவர் இப்போது எனக்கு எதிரே சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, என்னைச் சங்கடப்படுத்திவிட்டோமோ என்று சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஒருவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைக் கேட்டேன்.

"சத்தம் எப்படி இருக்கு மாப்ள? நல்லாக் கேக்குதா?"

"தெரியலையே மச்சான். மாமா போடவே விட மாட்டேங்காரு. போட்டாத் தேஞ்சிருமாம்."

அடுப்படியில் தங்கை சிரிப்பது கேட்டது. அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்தேன். சாப்பிடாமல் போகக் கூடாது என்று அவர் என் கையைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார்.