எதிர்ச்சரிவு

ஒஸ்லோவில் பஸ் ஓட்டும் குகநேசனுக்கு அறுபது வயது நிறைந்தபோது, தாதியாக வேலை பார்க்கும் மகள் சாருகா அவரை உகண்டாவுக்குக் கூட்டிப்போனாள். பாதுகாக்கப்பட்ட மழைக்காடொன்றில் நடந்து ஏறி மலைக் கொரில்லாக்களைப் பார்ப்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அப்பாவும் சந்தோசமாகத்தான் புறப்பட்டார்.

வனக்காவலர் முன்னே போக, சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஏறினார்கள். குகநேசனின் பையை உள்ளூர்க்காரரான மோசஸ் சுமந்து வந்தார். சாருகா முன்னால் போய்விட, மூச்சு வாங்க இருவரும் ஒரு மரத்தடியில் நின்றார்கள். மோசஸ் எதிர்ச்சரிவைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்:

"நான் பிறந்தது அங்கேதான். காட்டைக் காப்பகமாக்கியபோது எங்கள் சனத்தை வெளியேற்றிவிட்டார்கள்."

குகநேசன் அந்தச் சரிவை உற்றுப் பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பலாலியில் அவருடைய வீடும் காணியும் முப்பது வருடத்துக்கு மேலாக இராணுவ வேலிக்குள் கிடக்கின்றன.

"போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"பாதையை விட்டு இறங்கக்கூடாது. இறங்கினால் இந்த வேலையும் போய்விடும்."

இருவரும் ஏறிச் சாருகாவிடம் போய்ச் சேர்ந்தபோது, பற்றைக்குள் பெரிய ஆண் கொரில்லா ஒன்று உட்கார்ந்து, தண்டை முறித்துச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. சாருகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பினால், அப்பா எதிர்ச்சரிவையே வெறித்தபடி நிற்கிறார்.

"என்னப்பா, இவ்வளவு தூரம் வந்தும் பாக்காமல் நிண்டிட்டீங்கள்?" விடுதிக்குத் திரும்பியதும் கேட்டாள். அவர் மோசஸ் சொன்னதைச் சொன்னார்.

"பாவம்தான். ஆனா காட்டை மூடாட்டி இந்தச் சீவன்கள் ஒண்டும் மிஞ்சியிருக்காது, அப்பா."

"ஓம், உண்மைதான். நான் இல்லையெண்டே சொன்னனான்? அந்தச் சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?"



ஒஸ்லோவில் ரொம்மன் பகுதியிலுள்ள வீட்டுக்குத் திரும்பிய பிறகும் குகநேசனுக்கு மனம் ஆறவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவள் படங்களைக் காட்டத் தொடங்கினால், அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். ஒருநாள் அவள் பின்னாலேயே போனாள்.

"இந்தக் கோடைக்குப் பலாலிக்குப் போவம் அப்பா. நானும் வாறன்."

"போய்? வேலிக்கு வெளியில நிண்டு எட்டிப் பாக்கவோ?"

கோபமாகத்தான் தொடங்கினார், முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது. அப்பா அழுது அவள் பார்த்ததேயில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

போவோமென்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கோடை வந்தபோது, விடுமுறையில் போனவர்களின் வேலையையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, பஸ் ஓட்டினார்.