பிடிமண்ணோடு வந்த களை

1954 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால். இலங்கை மலையகத்து டிக்கோயாவில் எதிர்மலை தெரியாத மூடுபனி. என் மனைவியின் அண்ணன் திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து கப்பலேறி, ரயிலேறி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மடியில் மஞ்சள் துணி முடிச்சு. அதில் குலதெய்வக் கோயிலின் பிடிமண்.

"தலைமன்னார்ல எறங்குனதும் சுங்கத்துக்காரங்க வாழைக்கன்னைப் புடுங்கிட்டாங்க மாப்ள. ஆத்தா மண்ணுல கை வைக்க எவனுக்குத் துணிச்சல்?" என்று சிரித்தார்.

அன்றே அதை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாரியம்மன் காலடியில் பரப்பினோம். மழை விழுந்ததும் ஒரு செடி முளைத்தது. தோட்டத்தில் எவரும் கண்டிராத செடி. மஞ்சளாகப் பூத்தது. ஊரிலிருந்து ஆத்தாளே வந்துவிட்டாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள். விதையோ நாயுருவி போல ஒட்டியது. கும்பிட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனவர்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் அதையும் சுமந்து போனார்கள்.

ஆடி மாதம் ஏழாம் நம்பர் மலையில் நூற்றுப் பதினெட்டுச் செடிகள் எண்ணினேன். மறுவாரம் எண்ண முடியவில்லை. அந்த மலைக்கு நான்தான் கணக்கப்பிள்ளை. தேயிலைக்கு நடுவே புல் தெரிந்தாலே துரைக்கு ஆகாது. எனக்கு முன்னால் இருந்தவர் களையால்தான் வேலையை இழந்தார். துரை பார்வையிட இரண்டு மாதம்தான் இருந்தது. எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது.

களையெடுக்கும் பெண்களிடம் கெஞ்சினேன். மூத்தவள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஆத்தாளை நாங்க புடுங்க மாட்டோங்க. ஐயா வேணும்னா புடுங்குங்க. கண்ணு அவிஞ்சா கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கை வரவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட கிடாய் அவளுடைய செடியைத் தின்றால் யாருக்குக் குற்றம்? பக்கத்து றொசல்லயில் ஒரு கிடாய் வாங்கி, மாலை போட்டு, பொழுது சாயும்போதெல்லாம் நானே கயிற்றைப் பிடித்து நடந்தேன். அது பூவைத் தின்றது, தண்டைத் தின்றது, தேயிலையைத் தொடவில்லை. ஏழாம் மலையில் களை குறையக் குறைய எனக்கு மூச்சு வந்தது.

"என்னங்க, ஆட்டு மயிரெல்லாம் என்னமோ ஒட்டியிருக்கே?" என்றாள் மனைவி. உண்ணியாக இருக்கும் என்றேன்.

துரை வந்தார். ஏழாம் மலையைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு எட்டாம் மலைக்கு நடந்தார், ஒன்பதாம் மலைக்கும். நான் கிடாயை வீட்டுக்கு ஓட்டிவந்த பாதை நெடுகிலும் இருபுறமும் மஞ்சள் பூ.

வேலை தப்பியது. ஹட்டனிலிருந்து வெளியாட்களைக் கொண்டுவந்து களையெடுத்து, கூலியை என் சம்பளத்தில் பிடித்தார்கள். கிடாய் இருபத்திரண்டு ரூபாய். வெளியாட்கள் கூலி அறுபத்தொன்றரை ரூபாய். ஆக எண்பத்து மூன்று ரூபாய் ஐம்பது சதம்.