உதறலுக்கு ஊரே சொன்ன வைத்தியம்

1. வியாதியும் வைத்தியர்களும்

நாயுடுபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற வண்டிகளுக்கெல்லாம் என்ன கோளாறு என்று வழியிலேயே முடிவாகி, மருந்தும் சொல்லப்பட்டிருக்கும். நான் ஸ்பேனரைப் பிடித்தால் போதும்.

மேல்மலையில் பூண்டு போடும் பெருமாள்சாமியின் ஜீப்பும் அப்படித்தான் வந்தது. அவரைவிட வயதில் மூத்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ரகம். ஓடும்போது உதறுகிறது என்றார். டீக்கடை மாஸ்டர் கிளட்ச் என்று சொன்னாராம், மாற்றியாகிவிட்டது. டயர்க்காரர் டயர் என்று சொன்னாராம், அதையும் மாற்றியாகிவிட்டது. போனில் வீடியோ பார்த்தே மெக்கானிக்கான மச்சினன், அடியில் படுத்து எல்லாவற்றையும் கழற்றி, கிரீஸ் வைத்து மாட்டிக் கொடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு உதறல் நல்ல சுகமாக வளர்ந்திருந்தது.

“கியர் பாக்ஸ எறக்கிப் பாத்துருங்கண்ணே. அப்படியே முன்பக்க ஷாஃப்டையும் கழட்டிப் போட்ருங்க. டீசல் மிச்சமாகும்னு எல்லாரும் சொல்றாக.”

“எல்லாரும்னா?”

“மச்சினன்தான்.”

அந்த வீட்டில் வண்டி ஓட்டுவது அவர் மனைவி தங்கம். கருத்துச் சொல்வது பெருமாள்சாமி. நான் தங்கத்தின் பக்கம் திரும்பி, “எப்பம்மா உதறுது?” என்று கேட்டேன்.

“ஏத்தத்துல இழுக்கும்போது அவ்வளவா இல்லண்ணே. ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்தா ஒதறுது. ரிவர்ஸ் போட்டா அடியில டொக்குன்னு ஒரு சத்தம்.” கொஞ்சம் தயங்கினாள். “முன் ஷாஃப்ட மட்டும் கழட்டிராதீக. மழை பேஞ்சா எங்க காட்டுப் பாதையில அதுதான் முன்சக்கரத்தையும் சுத்த வச்சு ஏத்தி விடுது.”

இத்தனை வைத்தியர்களில் ஒருவரும் இதை அவளிடம் கேட்கவில்லை. பாவம், அவள் தினமும் ஓட்டுகிறவள்தானே, அவளுக்கு என்ன தெரியும்!

2. கூட மெக்கானிக் இருந்தால்

அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கரங்களைச் சுழற்றுகிற நீண்ட ஷாஃப்டின் முனையில், கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்புத் துண்டு இருக்கும். கிராஸ் என்போம். ஷாஃப்ட் மடங்கிச் சுழல்வது அதனால்தான். அது கையால் ஆட்டினாலே ஆடியது. போதாததற்கு, மச்சினன் ஷாஃப்டின் இரண்டு முனைகளும் ஒரே நேருக்கு வராதபடி திருப்பி மாட்டியிருந்தான். அதைச் சரியாகத் திருப்பி மாட்டினேன். புது கிராஸ் என்னிடம் இல்லை. மலைக்குக் கீழே வத்தலக்குண்டில்தான் வாங்க வேண்டும்.

“வண்டி இங்கயே கெடக்கட்டும். நாளைக்கு வாங்கியாந்து மாட்டிருவோம்” என்றேன்.

“மூடை ஏத்தியாச்சேண்ணே. சந்தைக்கு வெரசாப் போகணும். நீங்களும் கூட வாங்க, போற வழியில வத்தலக்குண்டுலயே வாங்கி மாட்டிருவோம்.”

மெக்கானிக் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் வண்டி கெடாது என்பது அவர் நம்பிக்கை. டாக்டரைப் பக்கத்தில் படுக்க வைத்தால் காய்ச்சல் வராது என்கிற மாதிரி. என்ன சொல்லியும் கேட்கவில்லை, கிளம்பியே தீருவார் என்று தெரிந்தது. பாதி மூட்டைகளை என் ஷெட்டில் இறக்க வைத்து நானும் ஏறிக்கொண்டேன்.

3. இறக்கம்

செண்பகனூர் தாண்டியதும் தங்கம் இரண்டாவது கியரிலேயே இறக்கினாள். அவள் வாரம் தவறாமல் ஓட்டுகிற ரோடு அது. ஆனாலும் பெருமாள்சாமி ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு வந்தார்.

அவர் அறிவிக்காத ஓர் இடத்தில் கிராஸ் உடைந்தது. பின்முனை அறுந்த ஷாஃப்ட் சுழன்று சுழன்று வண்டியின் அடிவயிற்றில் அடித்தது. பிறகு உருவிக்கொண்டு ரோட்டில் விழுந்தது. போகிற போக்கில் பிரேக் ஆயில் ஹோஸையும் அறுத்துவிட்டிருந்தது. தங்கம் மிதித்தாள். பெடல் தரையைத் தொட்டது.

“ஹேண்ட் பிரேக்கப் போடு!” என்று கத்தினார் பெருமாள்சாமி.

அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். பிடிக்கவில்லை. இந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ஷாஃப்ட் புறப்படுகிற இடத்தில் இருக்கிறது. அது பிடிக்க வேண்டிய ஷாஃப்ட் எங்களுக்குப் பின்னால் ரோட்டில் உருண்டுகொண்டிருந்தது.

முன்னால் வளைவு. வளைவில் கைப்பிடிச் சுவர், சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சி. கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி ஏறி வந்தது. “ஃபோர் வீல்” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

முன்சக்கரங்களையும் என்ஜினோடு சேர்க்கிற சின்ன லீவரில் தங்கத்தின் கை அதற்குள் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு லீவரை இழுத்தாள். கரகரவென்று பல் உரசியது, லீவர் விழவில்லை. முன்சக்கரம் வேகமாக உருள்கிறது, என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் பல்லோடு பல் சேரும். தங்கம் ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

“அய்யோ, மிதிக்கிறாளே! அண்ணே, மிதிக்கிறாண்ணே!”

லீவர் டக்கென்று விழுந்தது. காலை எடுத்தாள். என்ஜின் உறுமிக்கொண்டு முன்சக்கரங்களைப் பிடித்து இழுத்தது. வேகம் குறைந்தது. இப்போது ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்தாள். பின்சக்கரத்தில் போன பிடி முன்சக்கரத்தில் கிடைத்தது. மலைப் பக்க ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்தினாள். ஏறி வந்த பஸ் எங்களை உரசாமல் கடந்தது. அதன் டிரைவர் எங்கள் மூவரையும் பாரபட்சமில்லாமல் திட்டிவிட்டுப் போனார்.

பெருமாள்சாமி குதித்து இறங்கி, நின்றுவிட்ட வண்டிக்குப் பெரிய கல்லாகப் பார்த்து முட்டுக் கொடுத்தார். கையைத் தட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “நான் அப்பவே நெனச்சேண்ணே, முன் ஷாஃப்ட கழட்டக் கூடாதுன்னு.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் தங்கம். ஸ்டியரிங்கிலிருந்து அவள் விரல்கள் பிரியவே இல்லை. நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பெருமாள்சாமி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பாதித் தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது. அதற்கு அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

4. பிறகு

பூண்டு வேறு வேனில் சந்தைக்குப் போனது. ஜீப்பைக் கட்டி இழுத்து வந்து ஷாஃப்ட், கிராஸ், ஹோஸ் எல்லாம் புதிதாக மாட்டினேன். மச்சினன் பார்க்க வந்து, ஷாஃப்டின் தரம் சரியில்லை என்று கருத்துத் தெரிவித்தான். தங்கம் அவனைப் பின்பக்கம், மூட்டைகளோடு ஏறிக்கொள்ளச் சொன்னாள்.

இளம் மெக்கானிக்குகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். பானெட்டைத் திறக்கும் முன், வண்டி யாருடையது என்று கேட்காதீர்கள், ஓட்டுவது யார் என்று கேளுங்கள்.

போன மாதம் ஒரு ரிசார்ட் முதலாளி பெரிய ஃபோர் வீல் வண்டியோடு வந்தார். திருப்பத்தில் வண்டி இறுகிக்கொள்கிறது, டயர் தேய்கிறது, கம்பெனியின் டிசைனே தப்பு என்று அரை மணி நேரம் விளக்கினார். அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, வெளியே நின்ற டிரைவரிடம் போனேன். தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டினால் திருப்பத்தில் வண்டி அப்படித்தான் இறுகும்.

“ஃபோர் வீல்லயேவா ஓட்டுற?” என்றேன்.

டிரைவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நான் எடுத்துவிட்டாத் திட்டுறாருங்க. நாலு சக்கரத்துக்கும் காசு குடுத்துருக்கேன், ரெண்டு மட்டும் ஏன்டா வேலை பாக்குதுங்கிறாரு.”