மூச்சு விட்டால் முடிந்தது

அந்த மீன் சந்தையில் ஏலம் முடிந்ததற்கு மணி அடிப்பதில்லை, சுத்தியல் தட்டுவதில்லை. ஏலம் விடுகிறவர் மூச்சு விட்டால் முடிந்தது. விலையை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போக வேண்டும், கை தூக்கத் தூக்க ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எந்த விலையில் மூச்சு விடுகிறாரோ அந்த விலைக்குக் கூடை கடைசியாகக் கை தூக்கியவருடையது. ஒரு காலத்தில் "நான்தான் முந்தி" என்று ஐஸ் கட்டியால் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இவர்கள். நெஞ்சு ஏறி இறங்குவது எல்லார் கண்ணுக்கும் தெரியுமே என்றுதான் இப்படி ஒரு விதி வைத்தார்கள். மூக்கு வழியாகக் கள்ள மூச்சு விட்டுப் பார்த்த சாமர்த்தியசாலிகளும் உண்டு. அவர்களை அப்புறம் கூடை கழுவக்கூட விடவில்லை.

இந்த விதிக்கென்றே பிறந்தவள் தம்கட்டி. சொந்தப் பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. தம்கட்டி அக்கா என்றால் ஐஸ் வண்டிக்காரர் வரைக்கும் வழி காட்டுவார். விலையைச் சொல்லிக்கொண்டே மீனின் கண்ணைப் புகழ்வாள், வாங்க வந்தவரின் தொப்பையைக் கிண்டல் செய்வாள், அவர் மாமியாரின் முட்டிவலியை விசாரிப்பாள். எல்லாம் ஒரே மூச்சில். மூச்சு நீளமாக இருந்தால் விலையும் ஏறும் என்பதால் படகுக்காரர்கள் அவளுக்காக அடித்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பிழைத்து வந்ததே பெரிய விஷயம். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். மூன்று குழாய், மூன்று பந்து. குழலை வாயில் வைத்து இழுத்தால் பந்துகள் மேலே போக வேண்டும். இரண்டு போயின. மூன்றாவது, எத்தனை மாதம் இழுத்தும், அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து ஒரு நாள் அழுதாள். அழுவதற்கும் மூச்சு வேண்டியிருந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

தையல் மெஷினை மிதித்தபடியே கணவர் சொல்லிப் பார்த்தார்: "நான் தைக்கிறது ரெண்டு பேருக்குப் போதாதா? வீட்டுல இரேன்."

"வீட்டுல இருந்தாத்தான் எனக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

மறுநாளே போய்ச் சந்தைத் தலைவரைப் பார்த்தாள். கணவரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தலைவர் நல்ல மனிதர், ஆனால் சந்தையை நடத்த வேண்டியவர். "ஒரு காலையில நின்னு பாரும்மா. சரிப்படலைன்னா செயலாளரோட மருமகன் நிப்பார். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார்.

"வருத்தப்படுறதுக்கு வரலீங்க. ஏலம் விட வர்றேன்" என்றாள்.

அந்தக் காலையில் அவளுடைய தம்பி, சொந்தப் படகு வைத்திருப்பவன், தன் மீன்தான் முதலில் என்று பிடிவாதம் பிடித்தான். "எங்கக்கா வாயாலதான் போகணும்" என்று பெருமையாகக் கூடையை இழுத்து வந்து வைத்தான். ஈரத் தரையில் ரப்பர் செருப்புகள் கூடின. மொத்த வியாபாரிகள் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் முன்வரிசையில் நின்றவர் கண்ணாடி. ஊரிலேயே தடித்த கண்ணாடி போட்டவர் என்பதால் அந்தப் பெயர். மூச்சு தீரப்போவதைக் காட்டித் தம்கட்டியின் கழுத்து நரம்பு புடைத்த பிறகுதான் கை தூக்குவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அதே பாடம் படித்திருந்தார்கள்.

அவள் ஆரம்பித்தாள். தெருத்தெருவாக விற்கிற ஒரு சில்லறைக்காரி, நமக்கெங்கே கிடைக்கப் போகிறது என்ற நினைப்பில், தொடக்க விலைக்கே கை தூக்கி வைத்தாள். மற்றவர்கள் நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்கட்டிக்குக் கண் இருட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே விலையைத் திரும்பச் சொன்னாள், இன்னொரு தரம் சொன்னாள். நெஞ்சு தானாக ஏறி இறங்கிவிட்டது.

கூடை சில்லறைக்காரிக்குப் போய்விட்டது. அடிமாட்டு விலை. சில்லறைக்காரிக்கே நம்ப முடியவில்லை.

"இது செல்லாது! நான் விலை கேக்கத்தான் போனேன்" என்று கண்ணாடி குதித்தார்.

"அக்கா, நம்ம கூடைக்கா..." என்றான் தம்பி. அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

தலைவர் இறங்கி வந்தார். "முதல் நாள்தானே, பரவாயில்ல. மறுபடி விடும்மா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

சரி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பிக்கு நஷ்டமில்லை. ஆனால் இரக்கப்பட்டுக் கொடுக்கிற இரண்டாவது மூச்சை வாங்கிக்கொண்டால், நாளைக்கு அவள் விடுகிற எந்த மூச்சுக்கும் மதிப்பிருக்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"மூச்சு விட்டாச்சு. கூடை அந்தம்மாவோடது" என்றாள். தம்பியிடம் திரும்பி, "கோவம்னா வீட்டுக்கு வந்து திட்டு. இப்ப அடுத்த கூடைக்கு வழி விடு" என்றாள்.

அவன் கூடையைச் சில்லறைக்காரி பக்கம் தள்ளினான்.

இரண்டாவது கூடைக்கு அவள் புகழவில்லை, கிண்டலடிக்கவில்லை, யார் மாமியாரையும் விசாரிக்கவில்லை. இருந்த மூச்சு முழுக்க விலைக்கே போனது. மொத்த வியாபாரிகள் இப்போது நரம்பைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. அக்கா எப்போது மூச்சு விடுவாள் என்று யாருக்குத் தெரியும்? கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. ஒருவர் தூக்க, அடுத்தவர் தூக்க, முந்திக்கொண்டு பின்வரிசையும் தூக்க, விலை தடதடவென்று ஏறியது. பழைய நீள மூச்சிலும் இப்படி ஏறியதில்லை. பழக்கதோஷத்தில் கண்ணாடி மட்டும் நரம்பையே பார்த்திருந்துவிட்டு, கடைசியில் பதறிப்போய்க் கையைத் தூக்கினார். அதற்குள் அவள் மூச்சு விட்டிருந்தாள்.

தலைவர், அவள் இடத்துக்காக ஓரமாகக் காத்து நின்ற செயலாளரின் மருமகனிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் தோளில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியேறினார்.

"ஏன்க்கா, இன்னும் கொஞ்சம் தம் கட்டக் கூடாதா?" என்று கண்ணாடி கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

தம்கட்டி நெஞ்சில் கை வைத்து, அவசரப்படாமல் மூச்சு வாங்கி முடித்தாள். "இனிமே எங்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான். கேக்கணும்னா அதுக்குள்ள கேளு."