இடக்கண் பார்வை குறைவு என நம்பப்படுகிறது

மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். நான் முதலில் பார்த்தது ஓர் ஆளை அல்ல. ஆள் இல்லாத ஓர் இடத்தை.

அந்த இடத்தைப் பார்த்துப் பயந்து, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி நான் பொய் எழுதினேன். என் குற்றம் இதுதான். இனி நான் சொல்லப்போவது எல்லாம் விளக்கம். அதைச் சாக்கு என்றும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்... நான் மறுக்க மாட்டேன்.

தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு மலாக்கா மாநில விளையாட்டுச் செய்திகளை இருபத்தாறு ஆண்டுகள் எழுதியவன் நான். கண்ணால் காணாததை எழுதாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்காகத்தான், ஓய்வு பெற்ற பிறகு, புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையின் பெண்கள் ஹாக்கி கிளப் என்னைக் கூப்பிட்டது. வாராவாரம் திடலுக்குப் போய், புதிதாக வருகிற ஆட்டக்காரரைப் பார்த்து ஒரு பக்கம் அறிக்கை எழுதித் தர வேண்டும். எடுப்பதா விடுவதா என்பதைக் கோச்சும் மேனேஜரும் முடிவு செய்வார்கள்.

அன்று பார்க்க வேண்டியிருந்தது தர்ஷினியை. தற்காப்பு ஆட்டக்காரி. ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பெண். செங் தொழிற்பேட்டையில் ஏஜென்ட் மூலமாக ஒப்பந்த வேலை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள். கிளப் எடுத்துக்கொண்டால் தொழிற்சாலையில் நிரந்தர வேலை, தங்க அறை, ஆயர் குரோவில் மாலை நேர டிப்ளோமா படிப்பு. அவளுக்கு வேறு வாசல் எதுவும் திறந்திருக்கவில்லை. இது எனக்குத் தெரியும். எழுதும்போதும் தெரிந்துதான் இருந்தது.

சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் ஐந்தாவது நாளாகக் கலையவில்லை. திடலின் மறுகோடியில் கோல் கம்பங்கள் பாதிதான் தெரிந்தன. நீல அணி, மஞ்சள் அணி என்று பிரித்து ஆடவிட்டார்கள். கோச் லெட்சுமி, தர்ஷினியை நீல அணியில் கடைசித் தற்காப்பாளராக, கோல் கீப்பருக்கு முன்னால் தனியாக நிறுத்தியிருந்தார்.

தனியாக நிற்பவர் நடுவில் நிற்க வேண்டும். அவள் நிற்கவில்லை. வலப்பக்கம் நாலடி தள்ளி நின்றாள். அவளுக்கு இடப்பக்கம், சரியாக ஓர் ஆள் மட்டையோடு நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

அவள் முன்னே போனால் அந்த இடமும் முன்னே போனது. அவள் பின்வாங்கினால் அதுவும் பின்வாங்கியது.

முதல் பந்து அந்த இடைவெளிக்குள் வந்தது. தர்ஷினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, விடறேன்" என்றாள். கத்தவில்லை; பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும் குரல். பந்தோடு வந்த மஞ்சள் அணிப் பெண் வெற்றிடத்தின் முன் தயங்கி, யாரையோ சுற்றிப் போவதுபோல் வளைந்து போய், பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்டாள்.

தற்செயல் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்?

இரண்டாவது பந்தைக் கொண்டுவந்தவள் ஃபாரா என்ற மலாய்ப் பெண். வேகமாக ஓடிவந்தாள். அந்த இடத்தில் சட்டென்று நின்றாள், தோள் எதிலோ இடித்ததுபோல. பிறகு தலையைச் சற்றுத் தாழ்த்தி, "சாரி, காக்" என்றாள்.

காக். மூத்தவளை மலாய்க்காரர்கள் அழைக்கும் சொல். நம்முடைய அக்கா.

தர்ஷினி அவளைவிட இளையவள். அதுவுமல்லாமல் நாலடி தள்ளி நின்றாள்.

நான் செய்தியாளன். பயம் வந்தால் எண்ணத் தொடங்குவேன். நீலச் சட்டைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு... மூன்றாவது முறை புகையில் கண் எரிந்தது, பதினொன்றுதான் வந்தது. என் குறிப்பேட்டில் 12 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருக்கிறேன். எப்போது போட்டேன் என்று நினைவில்லை.

ஆட்டம் முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியருகே ஃபாராவிடம் போனேன். யாரிடம் மன்னிப்புக் கேட்டாய் என்று மலாயில் கேட்டேன்.

"அந்த அக்காகிட்டதான், பாக்சிக்" என்று என்னை மாமா முறை வைத்துச் சொன்னாள், இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி. எப்படி இருந்தாள் என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பாஜு சாமா. நோம்போர் தாக்டே."

அதே சட்டை. எண் மட்டும் இல்லை.

தர்ஷினி அப்போது காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, இடப்பக்கத்த அப்படி விடற?" என்றேன்.

"அது அக்கா எடம், அங்கிள்."

"எந்த அக்கா?"

"அக்கா லா..." என்று சிரித்தாள். நான் கேட்டதே வேடிக்கை என்பதுபோல் இருந்தது அந்தச் சிரிப்பு.

பேர் என்ன, எங்கே இருக்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். பயிற்சி நிருபருக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. நம் ஊரில் வீட்டில் பிறந்தவளும் அக்கா, எதிர்வீட்டுக்காரியும் அக்கா, கடையில் ரொட்டி போடுகிறவளும் அக்கா. இதை அறியாதவனா நான்? கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

கோச் லெட்சுமி பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்னா சார், மூஞ்சி வெளுத்துப் போய்க் கெடக்கு? பேயக் கீய பாத்துட்டீங்களா?"

"அந்தப் புள்ளைக்கு அக்கா இருக்காங்களா, கோச்?"

"இருந்துச்சுன்னு சொன்னாங்க. தவறிருச்சு போல. ஏன் சார்?"

ஒன்றுமில்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் மூவரும் உட்கார்ந்தோம். மேனேஜர் ராஜநாயகம், முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர், யாழ்ப்பாணக் குடும்பம். அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசிப்பார்.

"எனக்கு இந்தப் பிள்ளை வேணும்" என்றார் கோச். "என்னா கால், என்னா மட்டை பாத்தீங்கல்ல. ஏதோ எடப்பக்கம் கொஞ்சம் கேப் விடுது. ரெண்டு வாரம் என்கிட்ட விடுங்க, அடைச்சிடறேன்."

"நீர் எல்லாத்துக்கும் ரெண்டு வாரம்தான் கேக்கிறீர், லெட்சுமி. போன வருஷம் எடுத்த கீப்பருக்கும் ரெண்டு வாரம்தான் கேட்டீர். இப்பவும் அவ கண்ண மூடிக்கொண்டுதான் பந்த மறிக்கிறா."

கோச் சிரித்தார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ. உங்கட எழுத்த வச்சுத்தான் நான் கையெழுத்துப் போடுறது."

என் அறிக்கை அவர் கையில் இருந்தது. அதை முந்தைய நாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியிருந்தேன்.

ஏன் எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவளை எடுத்தால் வாராவாரம் நான் அந்தத் திடலுக்குப் போக வேண்டும். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். எண்ண வேண்டும்... பதினொன்றா, பன்னிரண்டா? இடைவெளி விடுகிறாள் என்று உண்மையை எழுதினால் கோச் அதைத் திருத்திவிடுவார். அவளை எடுத்துவிடுவார்கள். எனவே எனக்குப் பயிற்சியால் திருத்த முடியாத ஒரு குறை வேண்டியிருந்தது.

அறிக்கைப் படிவத்தில் உடற்குறை என்று ஒரு கட்டம் உண்டு. எப்போதும் காலியாக விடுவேன். அன்று எழுதினேன்: இடக்கண் பார்வை குறைவு என நம்பப்படுகிறது.

நம்பப்படுகிறது... நம் பத்திரிகைகளில் நாள்தோறும் நீங்கள் வாசிக்கும் சொல். தீ மின்கசிவால் ஏற்பட்டிருக்கலாம் என நம்பப்படுகிறது. ஆடவர் அதே ஊரைச் சேர்ந்தவர் என நம்பப்படுகிறது. யார் நம்பினார் என்று எந்த வாசகரும் கேட்டதில்லை. இருபத்தாறு ஆண்டுகள் அந்தச் சொல்லின் பின்னால் நின்று வேலை செய்தவன் நான். அதற்குள் எத்தனை பேர் ஒளிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தெரியும்.

மேனேஜரின் விரல் அந்தக் கட்டத்தில் நின்றது. கோச் எட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அதான் அந்தப் பக்கம் வர்ற பந்த விடுதா?" என்றார் மெதுவாக. "எனக்கு ஏன் சார் இது தெரியாமப் போச்சு?"

"கண் விஷயம். பந்து முகத்தில பட்டால் நாங்கள்தான் பதில் சொல்ல வேணும்" என்றார் மேனேஜர். "வேற ஆளப் பாப்பம்."

கட்டத்தில் எழுதியதே போதுமாக இருந்தது. பேசத் தேவைப்படவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் இதை எழுதியிருக்க மாட்டேன். முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆயர் குரோவில் என் வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. தர்ஷினியும் அவள் அம்மா பார்வதியும் இறங்கினார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அம்மா ஒரு பை நிறைய டுக்கு பழம் கொண்டுவந்திருந்தார்.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க" என்றாள் தர்ஷினி. "எந்தப் பந்து எனக்குத் தெரியலன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா? ரெண்டு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். ஒன்னும் இல்லங்கிறாங்க. ஆனா நீங்க பாத்தா தப்பா இருக்காதுன்னு கோச் சொன்னாங்க."

பேசும்போதே வலது கண்ணைக் கையால் பொத்தி, இடது கண்ணால் என் வீட்டு நாள்காட்டியைப் பார்த்தாள். அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டாளாம். செங் வேலைக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் போகிறாளாம். மட்டையைத் தொடுவதில்லை.

"இப்ப யோசிச்சா தெரியுது, அங்கிள். ஸ்கூல் டீம்ல எடப்பக்கம் எப்பவும் அக்காதான் பாத்துக்குவாங்க. அதனாலதான் எனக்கே தெரியாம இருந்திருக்கு."

"எந்த அக்கா?"

இந்த முறை கேட்டுவிட்டேன்.

"ஷாமினி அக்கா. எங்க சீனியர். இப்ப கல்யாணம் கட்டி ஜொகூர்ல இருக்காங்க. அவங்க இல்லன்னாலும் எனக்கு வாயி அப்படியே கூப்பிட்டுரும். அன்னிக்குக்கூடக் கூப்பிட்டேன்ல?"

அவள் அம்மாவிடம் திரும்பினேன். "மூத்த பொண்ணு ஒன்னு தவறிருச்சுன்னு..."

"அது பொறந்து மூனு மாசத்துல போயிருச்சுங்க சார்" என்றார் பார்வதி. "இவ அதப் பாத்ததே இல்ல."

ஒருத்தி ஜொகூரில் உயிரோடு குடும்பம் நடத்துகிறாள். இன்னொன்று கைக்குழந்தை. அப்படியானால் எண் இல்லாத நீலச் சட்டையோடு அங்கே நின்றது யார்? எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் இருந்தது பழைய கூட்டாளிக்கு இடம் விடும் பழக்கம் மட்டும்தான். கோச் சொன்னது சரி. இரண்டு வாரம் போதும்.

"சின்னதுலயே கவனிச்சிருந்தா சரி பண்ணியிருக்கலாம் இல்லங்களா, சார்?" என்றார் அம்மா. "நாங்க தோட்டத்துல இருந்துட்டு எதையும் பாக்காம விட்டுட்டோம்."

அந்தத் தாய் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறந்தால் போதும். உன் கண்ணில் ஒன்றுமில்லை, நான் பொய் எழுதினேன்... ஒரே ஒரு வாக்கியம்.

அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன். ஏன் எழுதினீர்கள்? என்ன பார்த்தீர்கள்? கண்ணால் காணாததை எழுதாதவன், எதைக் கண்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்வேன்?

"இன்னொரு தடவ செக் பண்ணிப் பாரும்மா" என்றேன். "சில குறை லேசுல தெரியாது."

முதல் பொய்யைப் பயத்தில் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என்ன? அவள் தலையை ஆட்டினாள். நன்றி சொன்னாள்.

யார் நம்பினார் என்று யாரும் கேட்காத சொல் என்றேன் அல்லவா? இப்போது அதற்கு ஓர் ஆள் இருக்கிறாள். அவள் நம்புகிறாள்.

கிளப் வேறொரு பெண்ணை எடுத்தது. நன்றாக ஆடுகிறாள் என்கிறார்கள். நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். பத்திரிகையில் தவறு நேர்ந்தால் உள்பக்கத்தில் மூன்று வரியில் திருத்தம் போடுவோம். அந்த மூன்று வரியை எப்படி எழுதுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேனேஜரின் எண் என் தொலைபேசியில் இருக்கிறது. பார்வதியின் எண்ணும் இருக்கிறது.

கடந்த செவ்வாய்க்கிழமை தர்ஷினி மலாக்கா பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனாள். அது நான்காவது முறை.